கண்ணாடியில் படியும் ஊத்தை: சிமினி விளக்கிலிருந்து சூரியத் தகடு வரை

கரவெட்டி என்றதும் வாசகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர்கள் மனிதர்களே. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி பிறந்த மண். உடுப்பிட்டித் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த மு. சிவசிதம்பரத்தின் ஊர், வடமராட்சியின் இடதுசாரி அரசியலும் இலக்கியமும் வேர்விட்ட இடங்களில் ஒன்று. அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கின்றார்கள். நான் இங்கே எடுத்துக்கொண்டது அவ்வூர்க் கூரைகளின்மேல் ஏறியிருக்கும் நீலக் கண்ணாடித் தகடுகளையும், அவற்றின்மேல் நாள்தோறும் படியும் ஊத்தையையும். ஊத்தைக்கும் வரலாறு உண்டா என்று சிலர் கேட்கக்கூடும். உண்டு, அது நூற்றைம்பது ஆண்டு நெருங்கும் வரலாறு. அதன் முதற் பக்கங்களில் ஒன்று நமது அயலில், பம்பாயில் எழுதப்பட்டது.

அதற்கு முன் ஊரின் கிடக்கையைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் வருபவர்கள் வல்லை வெளியைத் தாண்டித்தான் நெல்லியடிக்கும் கரவெட்டிக்கும் வருகின்றார்கள். அந்த வெளியில் மரமில்லை, நிழலில்லை, காற்று மட்டுமே உண்டு. கரவெட்டிக்குத் தென்மேற்கே உவர்நிலமும் கடனீரேரியும் பரந்து கிடக்கின்றன. மாரி முடிந்து நீர் வற்றியதும் அந்நிலத்தில் உப்புப் பூத்துவிடும். வைகாசி பிறந்து சோழகம் எழுந்ததென்றால், அந்த உவர்ப்புழுதியைக் கடந்து வரும் காற்று ஊரின்மேல் வீசத் தொடங்கும். புரட்டாதி வரை அதன் ஆட்சிதான். வெங்காயத் தோட்டங்களின் காய்ந்த மண், ஒழுங்கைகளின் மணல், பனையோலையும் குப்பையும் எரியும் புகை எல்லாம் அதனோடு சேரும். மதியத்தில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயரெழுதலாம் என்பது வடமராட்சியில் வாழ்ந்த எவருக்கும் தெரியும். வீட்டுக்குள்ளேயே அப்படியென்றால், வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும் கண்ணாடியின் கதி என்ன?

குடாநாட்டு மக்களுக்குக் கண்ணாடியின் ஊத்தையும் வெளிச்சமும் புதிய உறவல்ல. 1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியபின் யாழ்ப்பாணம் தேசிய மின்வலையிலிருந்து பிரிந்தது. அதன்பின் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மின்குமிழைக் கண்ணால் காணாமலே அரிச்சுவடி படித்தார்கள். எரிபொருளும் மின்கலங்களும் தடைப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. அகப்பட்ட சிறிதளவு மண்ணெண்ணெயைச் சிக்கனப்படுத்தவே ஜாம் போத்தல் விளக்கு பிறந்தது. போத்தலின் அடியில் பஞ்சு. அதில் சிறிது எண்ணெய். சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள் செருகிய நூல்திரி. அந்தச் சிறு சுடரைச் சுற்றியிருந்த போத்தலின் கண்ணாடி ஓரிரவிலேயே கறுத்துவிடும். மறுநாள் மாலை அதைச் சாம்பலாலோ பழந்துணியாலோ துடைத்துப் பளபளப்பாக்குவது வீட்டிலே யாரோ ஒருவரின் கடமை. லாம்புச் சிமினி துடைப்பதும் அப்படியே. துடைக்காத இரவில் புத்தகத்தின் எழுத்து மங்கும், திரியை உயர்த்தினால் எண்ணெய் கூடச் செலவாகும், புகையும் கூடும், கண்ணாடி இன்னும் கறுக்கும். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளும், கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலே பத்திரிகை அச்சிட்ட எம்போன்றவர்களும் அந்தக் கணக்கை நன்கறிந்திருந்தோம். கண்ணாடியில் ஒரு படலம் கரி படிந்தால் வெளிச்சம் எவ்வளவு குறையும் என்பதை ஆய்வுகூடமின்றியே கற்ற சமூகம் இது.

இனிப் பம்பாய்க்குப் போவோம். 1870களில் பிரான்சில் ஒகுஸ்தேன் மூஷோ என்ற கணித ஆசிரியர் கூம்பு வடிவான உலோகக் கண்ணாடியால் சூரிய ஒளியைக் குவித்து நீராவி இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். பம்பாயில் பிரித்தானிய அரசின் உதவிப் பதிவாளராக இருந்த வில்லியம் அடம்ஸ் இதை ஆராய்ந்தார். மூஷோவின் வழியில் அவர் கண்ட குறைகளில் ஒன்று, வெள்ளி பூசிய அந்தப் பளபளப்பான மேற்பரப்பு விலை மிகுந்தது. அத்துடன் எளிதில் மங்கிவிடும் என்பது. ஆகவே அவர் வேறுவழி தேடினார். 17 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் கொண்ட தட்டையான சாதாரண முகம்பார்க்கும் கண்ணாடிகள் 72ஐ அரைவட்டச் சட்டத்தில் அடுக்கி, ஒளியை ஒரு கொதிகலன்மேல் திருப்பினார். 1878ஆம் ஆண்டின் கோடையில் அவருடைய வளவில் இரண்டரைக் குதிரைவலு இயந்திரம் ஒன்று இரு வாரங்கள் பகலில் ஓடியது. அதே ஆண்டில் வெப்பநாடுகளில் விறகுக்கும் நிலக்கரிக்கும் மாற்றாகச் சூரிய வெப்பத்தைப் பயன்படுத்துவது பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். ஒளிவாங்கும் பரப்பு மங்கினால் இயந்திரமும் படுத்துவிடும் என்ற கவலை, சூரியசக்தியோடு கூடவே பிறந்தது என்பதற்கு இது சான்று. சுவீடனில் பிறந்து அமெரிக்காவிலே புகழ்பெற்ற பொறியியலாளர் ஜோன் எரிக்சனும் பின்னர், பின்புறம் வெள்ளி பூசிய கண்ணாடித் துண்டுகளுக்கே மாறினார். உலோகம் மங்கும், கண்ணாடி மங்காது; ஆனால் கண்ணாடியின்மேல் தூசி படியும் என்பது அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்ட பிரச்சினை.

அதை முதன்முதலில் முறையாக அளந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுவது ஹொற்றல், வேர்ட்ஸ் என்ற இருவரை. அமெரிக்காவின் மசாசூசற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் சூரிய வெப்பத்தால் நீரைச் சூடாக்கும் கருவிகளை ஆராய்ந்த அவர்கள், 30 பாகை சரிவில் வைத்த கண்ணாடிகளைப் பல வாரங்கள் திறந்தவெளியில் விட்டுப் பார்த்தார்கள். 1942இல் வெளியான முடிவின்படி, ஊத்தையால் ஏற்பட்ட சராசரி இழப்பு ஏறத்தாழ 1 வீதம். மிகக்கூடிய இழப்பு 4.7 வீதம். இந்தச் சிறிய எண்தான் பின்னால் பெரிய தவறான எண்ணத்துக்கு இடமளித்தது. பொஸ்ரன் நகரில் ஆண்டு முழுவதும் மழையோ பனியோ விழும். அங்கே கண்ட 1 வீதத்தைப் பாலைவனத்துக்கும் வறள்நிலத்துக்கும் பொதுவிதியாக வைத்துக் கணக்குப் பார்த்தவர்கள் பலர்.

இந்தியாவில் செய்த அளவைகள் வேறு கதை சொல்லின. ரூர்க்கியில் எச்.பி. கார்க் செய்த ஆய்வு 1974இல் வெளியானது. 45 பாகை சரிவில் வைத்த கண்ணாடி பத்து நாட்களில் சராசரியாக 8 வீத ஒளியைத் தடுத்தது. 1990இல் ஜோத்பூரின் வறள்நில ஆய்வு நிறுவனத்து அறிஞர்கள் தார்ப் பாலைவனச் சூழலில் ஆராய்ந்து, படுக்கையாக வைத்த கண்ணாடியே மிகக்கூடுதலாக ஊத்தை பிடிக்கும், சரிவு கூடக்கூட இழப்புக் குறையும் என்பதை எண்களோடு காட்டினார்கள். இது கேட்பதற்கு எளிய செய்தி. ஆனால் கரவெட்டிக்காரருக்கு இதிலே ஒரு பொல்லாத உட்பொருள் இருக்கின்றது. குடாநாடு பூமத்திய கோட்டிலிருந்து பத்துப் பாகைக்குள் கிடக்கின்றது. சூரியன் ஆண்டில் இருமுறை, சித்திரை தொடக்கத்திலும் ஆவணியிலும், நேர் உச்சியில் நிற்கும். ஆகவே அதிக ஒளி பெற வேண்டுமானால் தகடுகளை ஏறத்தாழப் படுக்கையாகவே, பத்துப் பாகை சரிவில், பொருத்த வேண்டும். ஜேர்மனியில் 30, 35 பாகை சரித்து வைக்கும் தகட்டின் தூசியை மழை வழித்துக்கொண்டு போய்விடும். நமது தகட்டில் அது கீழ்விளிம்புச் சட்டத்தில் தேங்கி, சேறாகி, காய்ந்து, ஒரு கோடாக நிற்கும்.

அந்தக் கோட்டைச் சாதாரணமாக எண்ணிவிடலாகாது. ஒரு தகட்டிலுள்ள சிறு மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டவை. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் முழுவதும் நன்றாக இருந்தாலும் ஓரிடத்தில் மண் சரிந்து அடைத்தால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போகாது. அதுபோல ஒரு கலம் மறைந்தால் அந்தத் தொடர் முழுவதும் ஓட்டம் குறையும். மறைந்த கலம் மின்னைத் தருவதற்குப் பதிலாக மற்றவை தரும் மின்னை வாங்கிச் சூடேறவும் தொடங்கும். இதைத் தவிர்ப்பதற்காகத் தகட்டின் பின்புறப் பெட்டியில் மாற்றுவழி இருவாயிகள் வைக்கப்படுகின்றன. சாதாரணத் தகட்டில் மூன்று இருக்கும். அடைபட்ட பகுதியை அவை விலக்கிவிடும். விலக்கினால் தகடு தப்பும். ஆனால் மூன்றிலொரு பங்கு மின் போய்விடும். தகடு முழுவதும் மெல்லியதாகப் படிந்த தூசியை விட ஒரு காகத்தின் எச்சம் கூடுதலான கேடு செய்யக்கூடியது இதனாலேதான். காகத்துக்கும் மைனாவுக்கும் புறாவுக்கும் கரவெட்டியில் பஞ்சமில்லை. கோயில் வீதிகளை அண்டிய வீடுகளில் புறாக்கள் கூரையையே குடியிருப்பாக்கிக்கொள்ளும்.

2017இல் குஜராத் மாநிலத்துக் காந்திநகரிலிருந்து வந்த செய்தியே இத்துறையில் பலரையும் திடுக்கிட வைத்தது. அங்குள்ள இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் சின்மய் கோரோய் குழுவினர், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கல் பேர்ஜினோடு இணைந்து தம் கூரைத் தகடுகளைக் கவனித்தார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறைதான் அவை கழுவப்பட்டன. ஒவ்வொரு முறை கழுவியபின்பும் உற்பத்தி ஏறத்தாழ 50 வீதம் உயர்ந்தது. படிந்த ஊத்தையைச் சுரண்டியெடுத்து ஆராய்ந்தபோது எடையில் 92 வீதம் மண்தூசியாகவும், மிகுதி 8 வீதம் கரியும் எரிபொருட் புகையிலிருந்து வரும் உப்புகளுமாக இருந்தன. இந்த 8 வீதம்தான் வில்லங்கம் பிடித்தது. அத்துகள்கள் மிகச் சிறியவை. ஒளியை மறைப்பதில் எடைக்கு மிஞ்சிய வேலை செய்பவை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் எளிதில் விடாதவை. மண்தூசி விருந்தாளி என்றால் கரி குடிவந்தவன்.

2006இல் கலிபோர்னியாவின் பெருந்தொகுதிகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் இன்னொரு பயனுள்ள கணக்கைத் தந்தார்கள். மழையில்லாத காலத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 0.2 வீதம் என்ற அளவில் இழப்பு ஏறிக்கொண்டே போகின்றது. ஒரு நல்ல மழை விழுந்ததும் திரும்பவும் தொடக்கத்துக்கு வருகின்றது. அறுபது நாள் மழையில்லையென்றால் 12 வீதம். யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களில் பெய்து முடிகின்றது. சித்திரையில் இடியோடு சிறிது விழும். மற்றப்படி, வானம் தெளிந்து வெயில் கொளுத்தும் மாதங்களும் மழையற்ற மாதங்களும் புழுதிக்காற்று மாதங்களும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. விளைச்சல் மிகுந்த காலத்தில்தான் களையும் மிகுகின்றது. தூறல் மழையை நம்பியும் பயனில்லை. பத்துத் துளி விழுந்து நின்றுவிட்டால் தூசி கழுவப்படுவதில்லை; துளித்துளியாகச் சேற்றுப் பொட்டு வைத்ததுபோலக் காய்ந்து நிற்கும்.

தைப்பனியும் மாசிப்பனியும் தனிக்கதை. இரவில் தகடு வெறுமையான வானத்தைப் பார்த்துக் குளிர்வதால் அதிகாலையில் அதன்மேல் பனிநீர் கோக்கும். தூசியிலுள்ள கரையக்கூடிய உப்புகள் அந்நீரில் கரைந்து, காலை வெயிலில் மீண்டும் இறுகும்போது துகள்களைக் கண்ணாடியோடு சாந்து பூசியதுபோலப் பிணைத்துவிடுகின்றன. கடலும் கடனீரேரியும் சூழ்ந்த ஊரில் உப்புக்கும் ஈரத்துக்கும் குறைவில்லை. உப்பு காற்றின் ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே பாலைவனத் தூசியைத் தூரிகையால் தட்டிவிடலாம். வடமராட்சித் தூசிக்குத் தண்ணீர் வேண்டும்.

தண்ணீர் என்ற சொல் வந்ததும் இக்கட்டுரை சுன்னாகத்துப் பக்கம் திரும்பியாக வேண்டும். குடாநாட்டுக்கு ஆறில்லை. நிலத்தடியிலுள்ள சுண்ணக்கல்லின் பொருமல்களில் மாரிமழை தேங்கிக் கிணற்றில் ஊறுவதுதான் குடிநீர், தோட்டநீர் எல்லாம். மின்வலை அறுந்திருந்த ஆண்டுகளிலும் அதன்பின்னும் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் தந்தவை பெரும்பாலும் சுன்னாகத்தில் எண்ணெய் எரித்த இயந்திரங்களே. அந்த மின்சாரத்துக்கு நாம் கொடுத்த விலை 2014, 2015ஆம் ஆண்டுகளில் வெளிச்சத்துக்கு வந்தது. சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் கழிவெண்ணெய் மிதப்பதாக மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. நொர்தேர்ன் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. இலங்கையின் சூழல் சட்ட வரலாற்றில் அது முக்கியமான தீர்ப்பு. எண்ணெயைக் கண்டு வெறுத்த மக்கள் சூரியனை நாடியது இயல்பானது.

அரசின் கொள்கையும் அப்பக்கம் சாய்ந்தது. கூரையில் விளைந்த மின்னை மின்சார சபையின் கம்பிக்குள் விட்டுக் கணக்குத் தீர்க்கும் ஏற்பாடு அதற்கு முன்னரே நடைமுறையில் இருந்தது. 2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' என்ற பெயரில் தொடங்கப்பட்ட திட்டம் அதை விரிவாக்கியது. மின்னை விற்பவர்களுக்கு முதல் ஏழாண்டுகள் அலகொன்றுக்கு 22 ரூபா, அதன்பின் 15 ரூபா 50 சதம் என்று அப்போது விலை வைத்தார்கள். பின்னர் விலைகள் பலமுறை மாறிவிட்டன. ஆனால் கணக்கைப் புரிந்துகொள்ள அந்த 22 ரூபாவே போதும். நாளொன்றுக்கு 20 அலகு தரும் 5 கிலோவாற் தொகுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஊத்தையால் 10 வீதம் போனால் நாளுக்கு 2 அலகு. மாதத்துக்கு 60 அலகு. பணமாக 1,320 ரூபா. வங்கிக் கடனில் பூட்டியவருக்குத் தவணைப் பணத்தில் விழும் துண்டு அது. விற்பனையாளர்கள் தரும் வண்ணக் கையேடுகளில் இந்த வரியைக் காண்பது அரிது. தகடு 25 ஆண்டு நிற்கும் என்பது பெரிய எழுத்தில் இருக்கும். அதைத் துடைக்க வேண்டும் என்பது சிறிய எழுத்தில் இருந்தால் நமது நல்லகாலம்.

இத்தகடுகளிற் பல, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய காசில் ஏறியவை. கீழே இருப்பவர்கள் எழுபதும் எண்பதும் கடந்த தாய் தந்தையர். கூரையேறித் துடைப்பது யார் என்பதே உண்மையான கேள்வி. அஸ்பெஸ்ரஸ் கூரையில் கால் வைக்குமிடம் தவறினால் ஓடு உடையும், மனிதரும் உடைவார். ஒரு வரிசைத் தகடுகளில் பல நூறு வோல்ற் நேரோட்ட மின் பாய்கின்றது. வெயில் இருக்கும்வரை அதை எந்த ஆளியாலும் முற்றாக அணைக்க முடியாது. மாதத்தில் 1,320 ரூபாவுக்காக ஐயாவைக் கூரையில் ஏற்றிவிட்டு, அவர் இடுப்பொடிந்து மந்திகை ஆதார வைத்தியசாலையில் கிடந்தால் அந்தக் கணக்கு எப்படி முடியும்? பிள்ளைகள் பணம் அனுப்பும்போதே இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கீழே நின்றபடியே கழுவத்தக்க நீண்ட தடியும் மென்மையான தூரிகையும் கொஞ்சம் செலவுதான். பழகிய ஆளொருவரை ஆண்டுக்குச் சில தடவை கூலிக்கு அழைப்பதும் அப்படியே.

கழுவும் முறையிலும் நமது மண்ணுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கின்றது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணம் மிகுந்தது. கேத்தலின் அடியில் வெள்ளையாக ஓடு கட்டுவதை எல்லோரும் கண்டிருப்போம். அதே நீரைச் சுட்ட கண்ணாடியில் ஊற்றி வெயிலில் காயவிட்டால் தூசி போன இடத்தில் சுண்ணப் பொட்டு நிற்கும். சில தடவை இப்படிச் செய்தால் ஊத்தையை அகற்றிவிட்டு நிரந்தரமான மங்கலை விலைகொடுத்து வாங்கியதாகிவிடும். நண்பகலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது வெடிக்கவும் கூடும். ஆகவே வெயில் ஏறுமுன், பனிநீர் கண்ணாடியில் இருக்கும்போதே துடைப்பது நல்லது. ஊத்தை இளகியிருக்கும், நீரும் குறைவாகவே வேண்டும். மாரியில் பீலியால் வழியும் மழைநீரைத் தாங்கியில் பிடித்து வைத்துக்கொண்டால் அதைவிடச் சிறந்த கழுவுநீர் இல்லை. அதில் சுண்ணம் கிடையாது. கிணற்றுநீர்தான் வழியென்றால் கடைசியில் ரப்பர் விளிம்புள்ள வழிப்பானால் நீரை வழித்துவிட வேண்டும். சலவைத்தூளும் தென்னந்தும்பும் கிட்ட வரக்கூடாது. சட்டி துலக்கும் கை கண்ணாடியின் மேற்பூச்சையும் துலக்கிவிடும். ஒளி தெறித்துப் போகாமலிருக்கப் பூசிய மெல்லிய படலம் அது.

பெருந்தொகுதிகளுக்கு இந்தத் தண்ணீர்ப் பிரச்சினை பல மடங்கு. பாக்குநீரிணைக்கு அக்கரையில், இராமநாதபுர மாவட்டத்துக் கமுதியில், 2016இல் அதானி நிறுவனம் 648 மெகாவாற் சூரிய மின்நிலையத்தை அமைத்தது. தொடங்கிய காலத்தில் ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரிய நிலையங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. 25 இலட்சம் தகடுகளையும் நாள்தோறும் துடைக்க றோபோ இயந்திரங்களை அமர்த்தினார்கள். வானம் பார்த்த பூமியான கமுதியில் மனிதருக்கும் மாட்டுக்குமே தண்ணீர் அரிது. தகட்டுக்கு எங்கே போவது? 2022இல் மசாசூசற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் ஸ்ரீதத் பனாட், கிருபா வாரணாசி இருவரும் வெளியிட்ட ஆய்வு இதற்கோர் உலகக் கணக்குத் தந்தது. தகடு கழுவ ஆண்டுதோறும் செலவாகும் நீர் ஏறத்தாழ 1,000 கோடி கலன். 20 இலட்சம் பேருக்குக் குடிநீராகப் போதுமானது. அவர்கள் சொன்ன மாற்று, தண்ணீரின்றி நிலைமின் விசையால் தூசியைத் தள்ளிவிடுவது. காற்றில் 30 வீதத்துக்கு மேல் ஈரப்பதன் இருந்தால் அது வேலை செய்யும் என்றார்கள். ஈரப்பதனுக்கு நமக்குக் குறைவில்லை. அந்தக் கருவி ஆய்வுகூடத்திலிருந்து கரவெட்டி வரை வந்து சேரும்போது என்ன விலை சொல்வார்கள் என்பது வேறு விடயம். 2019இல் வெளியான இன்னோர் ஆய்வு, 2018இல் உலகின் சூரிய மின்னுற்பத்தியில் 3 முதல் 4 வீதமாவது ஊத்தையால் போனதாகவும், பணமாக அது 300 முதல் 500 கோடி யூரோ எனவும் மதிப்பிட்டது.

பூமியில் மட்டுமன்று. 1997இல் செவ்வாயில் இறங்கிய சோஜேர்னர் ஊர்தி, தன் தகட்டின் மின் நாளொன்றுக்கு 0.28 வீதம் தூசியால் குறைவதை அளந்து அனுப்பியது. அதை வைத்தே 2004இல் இறங்கிய ஸ்பிரிட், ஒப்பர்சூனிற்றி ஆகிய இரண்டுக்கும் தொண்ணூறு நாள் ஆயுள் குறித்தார்கள். ஆனால் அங்கே வீசிய காற்றே இடையிடையே தகடுகளைத் துடைத்துவிட்டது. ஒப்பர்சூனிற்றி 2018 ஜூனில் பெரும் புழுதிப்புயல் மூடும்வரை பதினான்கு ஆண்டுகள் உழைத்தது. அடுத்து வந்த இன்சைற் கலத்துக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. 2021இல் விஞ்ஞானிகள் அதன் இயந்திரக் கையால் மணலை அள்ளித் தகட்டின் அருகே தூவி, காற்றில் உருளும் மணல் தூசியைத் தட்டிச் செல்லும்படி செய்தார்கள். ஊத்தையை ஊத்தையால் துடைத்த அந்த யுக்தி சிறிது மின்னை மீட்டுத் தந்தது. எனினும் 2022 டிசெம்பரில் தூசி மூடிய தகடுகளோடு அதன் குரல் ஓய்ந்தது. கோடி கோடியாகச் செலவிட்டவர்களும் ஒரு துணித்துண்டு இல்லாமல் தோற்ற கதை இது.

ஊருக்குத் திரும்புவோம். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்பு வந்தபோது, இலங்கை முழுவதும் 5,000 வணக்கத் தலங்களின் கூரைகளில் தகடு பொருத்தும் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. கோயிற் கூரைக்குக் கற்பூரப் புகையும் புறாவும் எப்போதும் துணை; பொருத்துபவர்கள் துடைக்கும் முறையையும் தர்மகர்த்தா சபைகளுக்குச் சொல்லிவிட்டுப் போனால் நல்லது. அதே மாதத்தில் மற்றொரு வேடிக்கையும் நடந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் மின் அறுந்திருந்தது. அந்த அச்சத்தில், ஏப்ரல் 13 முதல் 21 வரையான புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் பகல் மூன்று மணி வரை கூரைத் தகடுகளை அணைத்து வைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. தொழிற்சாலைகள் மூடிய நாட்களில் மின்னுக்குத் தேவை குறைவு. கூரைகளில் விளைச்சல் மிகுதி. வலை தாங்காது என்பது காரணம். காரணம் நியாயமானதே. ஆனால் வடமராட்சியில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் வாரம் அது. அதிகாலையில் எழுந்து தகட்டைத் துடைத்து வைத்தவரின் வயிறு எரிந்திருக்கும். மின்னைச் சேமித்து வைக்கும் பெரிய மின்கலத் தொகுதிகளைப் பற்றி ஆட்சியாளர் பேசத் தொடங்கியது அதன் பின்னர்தான் சூடுபிடித்தது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இந்திய உதவியில் காற்றும் சூரியனும் கலந்த மின்தொகுதிகள் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. தீவுகளில் கடற்காற்றின் உப்பு கரவெட்டியை விடப் பலமடங்கு. கிணற்றில் நன்னீர் அதைவிடக் குறைவு. அங்கே கழுவுநீரை எங்கிருந்து எடுப்பது என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கரவெட்டியில் எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் காந்திநகரின் எண்ணையோ பொஸ்ரனின் எண்ணையோ சொல்வதில் பொருளில்லை. சொந்தமாக அளப்பது கடினமும் இல்லை. நேர்மாற்றியின் திரையில் அன்றைய அலகு தெரியும். முகிலற்ற இரண்டு நாட்களை, ஒன்று துடைப்பதற்கு முன்னும் மற்றது துடைத்தபின்னும், அடுத்தடுத்து எடுத்துக்கொண்டால் வித்தியாசம் தானாகத் தெரியும். விக்னேஸ்வராவிலோ நெல்லியடி மத்தியிலோ விஞ்ஞானம் படிக்கும் மாணவர் இன்னும் சிறப்பாகச் செய்யலாம். ஒரே அளவான இரு சிறு தகடுகளை அருகருகே வைத்து, ஒன்றை நாள்தோறும் துடைத்து, மற்றதைத் தொடாமல் விட்டு, தை முதல் புரட்டாதி வரை குறித்து வந்தால் போதும். கொண்டல், சோழகம், வாடை என்று காற்றின் பெயரையும் திகதியோடு சேர்த்தே எழுதிக்கொள்ள வேண்டும். ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்த மறுநாள் இரண்டு தகடுகளும் காட்டும் எண்ணையும் மறக்காமல் குறிக்க வேண்டும்.